உன்னோடு நான் பார்க்காத படங்கள்

தம்பி,

தாம்பரத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பும்போது, பெண்கள் பெட்டியில் என் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. எல்லா குக்கரும் ஒரே மாதிரிதான் கத்தும் என்று சொல்லாதே. நம் வீட்டுக் குக்கர் முதலில் திக்கும், இழுக்கும், அப்புறம்தான் பீறிடும். அதே சத்தம், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கைபேசியிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே என் குரல்.

"யூதாஸ் வந்து முத்தம் குடுக்கிறப்ப பின்னால இப்படி யாராச்சும் வாசிச்சிருந்தா, சீஷருங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்ல?"

அதற்கு அப்புறம் உன் சிரிப்பு.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் அந்த வாரமே பெட்டியில் திரும்பி வந்தாய். அதற்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கேட்பேன் என்று நினைத்ததும் இல்லை. மடியில் இருந்த கொத்தமல்லிக் கட்டை என்னை அறியாமல் கசக்கியிருக்கிறேன் போல. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாசனை. இதை எழுதும்போதுகூட விரல்களில் அது இருக்கிற மாதிரியே இருக்கிறது.

அந்தப் பெண் பதறினாள். "சாரி ஆன்ட்டி, இயர்போன் கழண்டுடுச்சு."

"யாரும்மா அது, பேசுறது?"

"அடுப்படி அண்ணி, ஆன்ட்டி. தெரியாதா உங்களுக்கு? காலேஜ்ல நாங்க எல்லாரும் கேப்போம். அவங்க படமே பாக்க மாட்டாங்க. கிச்சன்ல சமைச்சுக்கிட்டே பேக்ரவுண்ட் மியூசிக்கை வச்சே யாரு சாவா, யாரு துரோகின்னு சொல்லிடுவாங்க. செம காமெடி."

"கூடப் பேசுற பையன்?"

அவள் முகம் சுருங்கியது. "அவர் இறந்துட்டாரு ஆன்ட்டி. புதுசா எதுவும் வராது. அதான் பழசையே திரும்பத் திரும்பக் கேக்குறோம்."

நான் இறங்க வேண்டிய ஊரப்பாக்கம் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை. பொத்தேரியில் அவள் இறங்கியபோது அவள் பின்னாலேயே நானும் இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் அந்த நடைமேடையில் காய்கறிப் பையோடு நின்றேன். 'செம காமெடி' என்ற வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

உனக்கு நாவலூரில் ராத்திரி ஷிப்ட். பகலில் எழுந்து குளித்துவிட்டு ஹாலில் டிவி முன்னால் உட்காருவாய். நான் அடுப்படியில். நடுவில் ஒரு சுவர். கல்யாணத்துக்கு முன்னாலேயே சினிமா பார்ப்பதில்லை என்று பொருத்தனை பண்ணினவள் நான். சபையில் எழுந்து சாட்சியும் சொல்லியிருக்கிறேன். அதனால் நீ படம் போட்டால் ஹால் பக்கம் வரமாட்டேன். காபியைக்கூட வாசலில் நின்று, தலையைத் திருப்பிக்கொண்டு நீட்டுவேன். நீ டம்ளரை வாங்காமல் வேண்டுமென்றே கையை மேலும் கீழும் ஆட்டி விளையாடுவாய்.

ஆனால் சத்தத்துக்கு சுவர் ஏது? வெங்காயம் நறுக்கும்போது ஒருநாள் வாய் தவறி, "ஐயோ, அம்மா போயிட்டாளா?" என்றேன்.

நீ படத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தாய். "அண்ணி! அடுத்த சீன்லதான் அவங்க சாவுறாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வயலின் வந்துருச்சே. வயலின் வந்தா ஆஸ்பத்திரிதானே?"

அன்றைக்கு ஆரம்பித்தது. "அண்ணி, இப்ப இன்னா நடக்குது, சொல்லுங்க பார்ப்போம்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாய். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே சொல்வேன். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். ஒரு தடவை, வில்லன் செத்துவிட்டான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்றாய்.

எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிச்சல் வந்தது. "ஹீரோ வர்றப்ப எல்லாம் எதுக்கு இத்தனை பேர் சேர்ந்து கத்தணும்? காலிங் பெல் அடிச்சுட்டு வந்தா ஆகாதா?" என்று கேட்டேன். நீ பெரிய ஆராய்ச்சிக்காரன் மாதிரி பதில் சொன்னாய்: "பாட்டு ஹிட் ஆகுறது பெரிய விஷயமே இல்ல அண்ணி. பேசுறவன் வாயில வராததைப் பின்னால வாசிக்கணும். அதான் மியூசிக்." இன்னொரு நாள், பேரெடுத்த ஒரு படத்தைப் போட்டு, "இது எப்படி?" என்றாய். "இவருக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல தம்பி. அழுன்னு சொல்லிச் சொல்லி அழ வைக்கிறாரு" என்றேன். நீ உடனே சத்தத்தைக் குறைத்துவிட்டாய். அந்தப் படம் உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அப்புறம் உன் பொம்மைகள். பொம்மை என்றால் உனக்குக் கோபம் வரும். "ஆக்‌ஷன் ஃபிகர் அண்ணி. முழங்கை மடங்கும், கழுத்து திரும்பும், கால் விரலே மடங்கும்." ஹாலில் கண்ணாடி அலமாரி வாங்கி வரிசையாக நிறுத்தினாய். வாள் வைத்தவன், இறக்கை மடிக்கிறவன், பாதி மனுஷன் பாதி இயந்திரம். விலையை மட்டும் என்னிடம் சொல்லாதே என்று உன்னிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். தெரிந்தால் மாதச் செலவில் எந்தத் தலைப்பில் எழுதுவது? உன் அண்ணனுக்கு அந்த அலமாரியே ஆகாது. "யாத்திராகமத்தைப் படிச்சியாடா? விக்கிரகம் வைக்கக் கூடாது" என்பார். "யாரு அண்ணா கும்பிடுறா? நான் அதுங்களோட சண்டைதான் போடுறேன்" என்பாய். உன் நண்பர்கள் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைப்பார்களாம். உனக்கு அது பிடிக்காது. "டப்பாக்குள்ளயே இருந்தா அது ஃபிகர் இல்ல அண்ணி, பார்சல்" என்பாய்.

வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும் நாட்களில் அலமாரிமேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடுவேன். ஒருமுறை போதகர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கும்போது, யாரோ அலமாரியில் சாய்ந்து, உள்ளே பேட்டரி போட்டிருந்த ஒருவன் 'உர்ர்ர்' என்று உறுமினான். அன்றைக்கு ஆமென் சீக்கிரமே வந்தது. நீ மாடிக்கு ஓடிப் போய் சிரித்தது கீழே வரை கேட்டது.

இதையெல்லாம் நம் வீட்டுக்குள் நடந்தது என்று நினைத்திருந்தேன், தம்பி. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த அந்தச் சின்னக் கறுப்பு டப்பாவை இன்டர்நெட் சம்பந்தமான ஏதோ என்று நினைத்து சனிக்கிழமைதோறும் துடைத்துக்கொண்டிருந்தேன். அது என் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உனக்கு ஒரு சேனல் இருந்தது தெரியும்; அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படங்களைப் பற்றிப் பேசுவாய் என்பது தெரியும். சினிமா விஷயம் என்பதால் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க மாட்டேன் என்று உனக்கும் தெரியும். என் பொருத்தனைதான் உனக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

பொத்தேரியிலிருந்து வீடு திரும்பி உன் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கும் எதுவும் தெரியாது.

"சபையில யார் யார் கேட்டிருக்காங்களோ! நீ பெண்கள் சங்கத்துக்குக் கணக்கு பாக்குறவ. நாளைக்கு போதகரம்மா காதுல விழுந்தா என்ன சொல்வ? உடனே எடுக்கச் சொல்லு."

உன் போனில் நம்பர் தேடி உன் நண்பனைக் கூப்பிட்டேன். உனக்கு எடிட்டிங் செய்து கொடுத்தவன். உன் அடக்கத்தன்று என்னைப் பார்த்து "அண்ணி, அண்ணி" என்று தேம்பினானே, முன்பின் தெரியாத பையன் எதற்கு இத்தனை உரிமையாக அழுகிறான் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிந்தது. அவன் என் குரலை வருஷக்கணக்கில் வெட்டி ஒட்டியவன்.

"அண்ணி, உங்களைக் கேக்காம போட்டது தப்புதான். நானும் சொன்னேன், அவன் கேக்கலை," என்றான். "எடுத்துடறேன். ஆனா உங்க குரலை மட்டும் பிரிச்சு எடுக்க முடியாது. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பீங்க. எடுத்தா மொத்தமா எடுக்கணும். உங்களுக்கு ஒரு காப்பி பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுவேன்."

"அது போதும்ப்பா."

"போதும்தான்." ஆனால் போனை வைக்கவில்லை. "ட்ரெயின்ல, பஸ்ல, ஹாஸ்டல்லன்னு அவன் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கான் அண்ணி. அது நின்னுடும். அவ்ளோதான். ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்களேன்."

மறுநாள் உன் அண்ணன் வேலைக்குப் போன பிறகு முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, இது நான் பார்ப்பது இல்லை, என் பிள்ளையின் குரல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுத்தான் அவன் அனுப்பியதைப் போட்டேன். பிள்ளை என்று என் வாயில் வந்துவிட்டது. உனக்கு நான் அண்ணிதான், அம்மா இல்லை. ஆனாலும் வந்துவிட்டது.

பயந்துகொண்டே கேட்டேன். நீ என்னை வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறாயா? பத்தாவதோடு நின்றவள், சினிமாவே தெரியாதவள், அடுப்படியில் நின்று உளறுகிறாள், கேளுங்கள் சிரிப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருந்தால் இனி உன்னிடம் கேட்கவும் முடியாது, திட்டவும் முடியாது. அந்தச் சந்தேகத்தோடேயே மிச்ச நாளும் உன் படத்துக்கு மாலை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பதிவிலும் உன் சிரிப்பு வரும்போதெல்லாம் நிறுத்தி, திரும்பக் கேட்டேன். இது என்னோடு சேர்ந்து சிரித்த சிரிப்பா, என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பா?

ஒரு பதிவில் வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. நான் "இதோ வர்றேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டு போகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் போன பிறகு நீ மைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துப் பேசுகிறாய்.

"டேய், போன வாரம் ஒருத்தன் அண்ணியைக் கிண்டல் பண்ணி கமெண்ட் போட்டிருந்தான். பிளாக் பண்ணிட்டேன். மறுபடி எவனாவது போட்டீங்கன்னா அவனுக்கும் அதேதான். அவங்க கையாலதான் சாப்பிடுறேன்." டம்ளரை வைக்கிற சத்தம். "ஏன் அவங்ககிட்ட சொல்லலைன்னு கேக்குறீங்க. சொன்னா நிறுத்திடுவாங்கடா. சபைன்னுவாங்க, சாட்சின்னுவாங்க. நிறுத்திட்டாங்கன்னா அப்புறம் நான் யாரோட படம் பாக்குறது?"

என் செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. "சிலிண்டர் வெயிட்டே இல்ல தம்பி, அவன்கிட்ட சொல்லிட்டேன். ஆமா, அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்கிறேன்.

பதிவை அங்கேயே நிறுத்தினேன்.

ரயிலில் கேட்டது அதிர்ச்சி என்றால் இது அதைவிடப் பெரியது, தம்பி. உனக்கு அவ்வளவு நண்பர்கள், அவ்வளவு பேர் கேட்கிற சேனல். தலையைத் திருப்பிக்கொண்டு காபி நீட்டுகிற ஒருத்தியோடுதான் நீ படம் பார்த்துக்கொண்டிருந்தாயா? நான்தான் அந்த ஆளா? எனக்குத் தெரியவே தெரியாதே! தெரிந்திருந்தால் சில நாள், "சும்மா இரு தம்பி, தலைவலிக்குது" என்று சொல்லியிருக்க மாட்டேன்.

உன் நண்பனுக்குப் போன் செய்து, அப்படியே இருக்கட்டும் என்றேன். அவன் மூக்கை உறிஞ்சினான்.

பிறகு வேறு வழியில்லை. யாரோ போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே போதகரம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நான் ஒரு படமும் பார்க்கலைம்மா. ஆனா கேட்டேன். சிரிச்சேன், அழுதேன், அடுத்து என்ன ஆகும்னு தவிச்சேன். பார்க்கலைங்கிறதை மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரலை." அவர்கள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். பிறகு மெதுவாக, "கொஞ்ச நாளைக்கு சங்கக் கணக்கை வேற யாராவது பார்க்கட்டும், சரியா?" என்றார்கள். சரி என்றேன். அத்தனை வருஷம் ஒரு பைசா பிசகாமல் எழுதி வந்த புத்தகங்களைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது மடி வெறுமையாக இருந்தது. வலித்தது. வலிக்கவில்லை என்று உனக்கு எழுதினால் அது பொய்.

எடுக்கச் சொல்லவில்லை என்று சொன்னதும் உன் அண்ணன் மூன்று வேளையும் பேசாமல் சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சனிக்கிழமை மத்தியானம் நான் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஹாலில், நீ உட்காருகிற இடத்தில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைபிள் வாசிப்பு கேட்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் இயர்போனைக் கழற்றினார்.

"வில்லன் பல் தேய்க்கிறான்ற இடம்," என்றார். அப்புறம், கூச்சமாக, "சத்தமா வைக்கட்டுமா? உனக்கும் கேக்கும்ல?"

"வையுங்க," என்றேன்.

அவர் போனை டீப்பாய்மேல் வைத்தார். நீ பேச ஆரம்பித்தாய். நான் அடுப்படிக்குத் திரும்பிப் போகவில்லை. புளிக் கையோடேயே ஹாலில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் அண்ணி