எந்த லென்ஸ், அண்ணா?

எங்கே இருந்தாலும் கையில் கேமராவோடு இருக்கிற என் அண்ணாவுக்கு,

லென்ஸ் வாங்கக் கிளம்பினேன். சிரிக்காதே. நீ இருந்தவரை படம் பிடிப்பது உன் வேலை, வெட்டி ஒட்டுவது என் வேலை. ஜமுனாமரத்தூர் ஸ்டுடியோவில் உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் நானே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறேன். சுமாராகத்தான் வருகிறது. யாரும் குறை சொல்வதில்லை. உனக்காகச் சொல்லாமல் விடுகிறார்களோ என்னவோ.

ஆனால் உன் குறும்படம் அப்படியே நிற்கிறதே. புதிதாகக் கல்யாணமான புருஷனும் பெண்டாட்டியும் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் சண்டை போட்டுக்கொண்டே மலை இறங்குகிற கதை. “ரெண்டு பேரும் ரெண்டு ஓரத்துல உக்காந்துகினு இருக்கணும். நடுவுல மலை மட்டும் தெரியணும். அனமார்பிக் லென்சு இல்லாம இது ஆவாது” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் சொன்னாய். அதில் எந்த லென்ஸ் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டாய்.

நானாகத் தேடிப் படித்தேன். அந்த லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் நசுக்கிப் பதிவு செய்கிறது, கம்ப்யூட்டரில் இழுத்து விரித்தால் தியேட்டர் திரை மாதிரி அகலமாக வருகிறது. இதுவரை புரிகிறது. இதற்கு மேல் தலை சுற்றுகிறது. யூடியூபில் ஒருவர் ஒரு லென்ஸைத் தூக்கி வைத்துப் பேசுகிறார். அடுத்தவர் அதே லென்ஸைக் காசுக்குப் பிடித்த கேடு என்கிறார். இரண்டு பேர் காட்டுவதும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. நான் யாரை நம்புவது?

நம் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தவை இரண்டு. ஒன்று லேசாக நசுக்குவது, இன்னொன்று நன்றாக நசுக்குவது. வாங்குவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று இரண்டையும் வேலூரில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் கைக்குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு நிலைமையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணிக்கு மலைக்குக் கீழே சந்தவாசலில் ஓர் உரக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார்கள். புடைத்துக்கொண்டிருந்த சாமையை அப்படியே விட்டுவிட்டு அப்பா எழுந்து போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சோறு போடுவதும் சாப்பிடுவதும் சத்தமில்லாமல் நடக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ யார் பக்கம் நின்றிருப்பாய்?

லென்ஸைச் சோதிக்க ஆள் வேண்டும். வேறு யாரைக் கூப்பிடுவது? பக்கத்து வீட்டு ஜீப்பைக் கேட்டு வாங்கி, முன்கண்ணாடியை மடக்கிவிட்டு, அண்ணியை ஓட்டுகிற இடத்திலும் அப்பாவை மறு ஓரத்திலும் உட்கார வைத்தேன். உனக்காக என்றதும் இருவரும் மறுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சண்டைக் காட்சிக்கு நான் நடிப்பு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் நன்றாக நசுக்குகிற லென்ஸ். எடுத்ததும் அப்பா இறங்கி வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். இன்னும் விரிக்காத படம். அதில் அவர் ஒடுங்கி, கன்னம் ஒட்டி, உயரமாகத் தெரிந்தார். கடைசி நாட்களில் நீ இருந்தது போலவே.

“இன்னாம்மா இது, நான் இவ்ளோ எளச்சிட்டனா?” என்றார் அப்பா.

நான் பதில் தேடுவதற்குள் ஜீப்பிலிருந்து அண்ணி சொன்னார்கள். “அது லென்சு மாமா. நீங்க நல்லாத்தான் கீறீங்க.”

அப்பா திரும்பிப் போய் உட்கார்ந்தார். நான் மற்ற லென்ஸை மாட்டி ரெக்கார்டைத் தட்டினேன்.

“நான் போனா சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவீங்கன்னுதான் எனக்கு யோசனை” என்றார்கள் அண்ணி, ரோட்டைப் பார்த்தபடி.

“சாப்பாடு கெடக்குது. புள்ள போய்ட்டான், நீயும் போறேன்ற. வூட்ல நான் யாரைக் கூப்புடறது?”

“நான் வேலைக்குப் போறேன் மாமா. உங்கள வுட்டுட்டுப் போவல. லீவு நாள்ல மேல வந்துடுவேன். எனக்கு வேற வூடு ஏது?”

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பஸ்ஸு இல்லன்னா போன் பண்ணு. ஜீப்பு அனுப்பறேன்” என்றார். நான் கேமராவை நிறுத்தவில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து இரண்டையும் விரித்துப் பார்த்தேன். முதல் லென்ஸில் பின்னால் இலைகளுக்கு நடுவே தெரிந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் நீ சொல்வாயே, முட்டை வடிவத்தில் அவ்வளவு அழகு. ஆனால் விரித்தால் படம் ரிப்பன் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. இரண்டு ஓரமும் கலங்கல். அப்பாவும் அண்ணியும் உட்கார்ந்திருப்பதே அந்த ஓரத்தில்தான். வெட்டினால் அவர்களைத்தான் வெட்ட வேண்டும். இரண்டாவது லென்ஸில் வெளிச்சம் ஏறக்குறைய வட்டமாகவே இருக்கிறது, செல்போனில் எடுத்த மாதிரி. ஆனால் ஓரத்தில் அண்ணியின் கண்ணில் தண்ணீர் திரண்டு நிற்பதுகூடத் தெரிகிறது.

நீ ஆசைப்பட்டது எதற்கு? அந்த வெளிச்சத்துக்கா, அந்த இரண்டு பேருக்கா? ஆஸ்பத்திரியில் நீ சொன்னதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு நேரம் இது சரி என்கிறது, ஒரு நேரம் அது.

லேசாக நசுக்குகிறதையே வாங்கிவிட்டேன். நீயாக இருந்தால் மற்றதை வாங்கியிருப்பாயோ என்று இன்னும் உறுத்துகிறது. உன்னோடு கடைசியாக எடுத்த படத்தைவிட இதில் தாம் நன்றாக இருப்பதாக அப்பா சொல்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அண்ணி நேற்று வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். லீவு நாட்களில் அண்ணி வரும்போது படப்பிடிப்பு. பெண்டாட்டி வேஷம் அவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன், “உங்கண்ணன் மேல கோவம் நெறைய கீது, நல்லாவே சண்ட போடுவேன்” என்றார்கள். புருஷனாக யாரை உட்கார வைப்பது? அதற்கும் இன்னும் விடை இல்லை.

உன் பெயரைப் படத்தின் தொடக்கத்தில் போடுவதா, முடிவில் போடுவதா என்பதிலும் குழப்பம்தான். ஆனால் படம் முடியும். ஜமுனாமரத்தூரில் திரை கட்டி, அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவேன். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் படத்தை வெட்டி ஒட்டக் காத்திருக்கும் தங்கச்சி,
கௌரி