எண்பது சொல் வேகம்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே என் உடம்புக்குக் குறையில்லை, மூட்டுகள் மட்டும் அவ்வப்போது தகராறு செய்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். உன் அக்கா உன்னிடம் சொன்னதுபோல, கரண்ட் ஓடிக்கொண்டிருந்த கேசட் டெக்கைத் திறந்து நான் நோண்டிக்கொண்டிருக்கவில்லை. ரிப்பேர்க்காரரை வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. அவள் உள்ளே வந்தபோது பிளக்கைப் பிடுங்கி என் கண்ணெதிரே மேசைமேல் வைத்திருந்தேன். மூடியைக் கழற்றியவர் அவர், மாட்டாமல் போனவரும் அவர். நான் செய்ததெல்லாம் மூடியின் நான்கு திருகாணிகளையும் ஒரு சாஸரில் போட்டுவிட்டு, அவர் மறந்துபோன ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்ததுதான். உன் அக்கா வாசலிலிருந்தே, 'அம்மா, கைய எடு! இருபது வயசுன்னு நெனப்பா ஒனக்கு?' என்று கத்திய கத்தலில் கீழ்வீட்டு நர்ஸ் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நன்றாகத்தான் இருந்தது. எழுபத்தெட்டு வயதுக்காரி கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தால் எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடுகிறது. விளக்கிச் சொல்லக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது, அதனால் அவள் நினைத்ததை நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம் சொல்லியாக வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அக்கா தன் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து, அப்பாவின் கேசட்டைப் பதிவு செய்து உனக்கு அனுப்பினாள் அல்லவா, தன்னிடம் சுருக்கெழுத்து படித்த பிள்ளைகளுக்காக அவர் டிக்டேஷன் வாசித்துக் கொடுத்தது. அவர் குரல் என்று நமக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டு நீ அன்றிரவே கூப்பிட்டு, 'நான் கெளம்பறதுக்கு முந்தின மாசம் பேசினதுதானேம்மா இது? அப்பவே அப்பா இவ்வளவு களைப்பாவா இருந்தாரு?' என்று கேட்டாய். நான், 'ஆமா, களைப்பாத்தான் இருந்தாரு' என்றேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா வாடிப்போயிருந்ததைக் கவனிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேனே என்று நினைக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பழைய சாமான் கடையில் இரண்டு கேசட் போடுகிற டபுள் டெக் ஒன்று வாங்கிவிட்டேன், கேசட்டில் ஒரு பிரதி எடுத்து அனுப்பு என்று நீ கேட்டதும் நம்முடையதை எடுத்து வைத்தேன். இடது பக்கம் ஒரு பழைய கேசட்டைப் போட்டுச் சோதித்தபோது டேப்பை உள்ளே இழுத்துக் கசக்கிவிட்டது. அப்பாவுடையதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. மூன்று மாடி இறங்கிப் போய், மொபைல் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து பழைய ரேடியோ பார்க்கிற அந்த மனிதரைக் கூட்டிவந்தேன். அவர் இரண்டு பக்கமும் பெல்ட் மாற்றினார், துடைத்தார், அப்பாவின் கேசட்டைப் போட்டார். குரல் மெலிந்து, விறுவிறுவென்று ஓடியது. இது அவர் குரலே இல்லை, வேகத்தைக் குறையுங்கள் என்றேன். 'மேடம், பழைய பெல்ட் தொளதொளன்னு இருந்துச்சு, அதான் மெதுவா ஓடிச்சு. இப்பத்தான் சரியா ஓடுது' என்றார். நாற்பத்தொரு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியது நானா நீங்களா என்று கேட்டேன். அந்த மனிதர் மோட்டாரின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினார். இன்னும் என்றேன், திருப்பினார். இன்னும் கொஞ்சம் என்றேன். அப்பா காலமானபிறகு ஒன்பது வருஷமாக நான் கேட்டுவந்த அந்தக் கனத்த, இழுத்த குரல் வந்தபிறகுதான் விட்டேன். 'உங்க வீட்டுக்காரர், உங்க இஷ்டம்' என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூடி கழன்று கிடந்த கதை இதுதான்.

மறுநாள் காலை, உன் பெண்ணுக்குப் படிக்கக் கொடுக்கலாமே என்று அந்தக் கேசட்டில் இருப்பதை எழுதி எடுக்க உட்கார்ந்தேன். உனக்கு நினைவிருக்கும், அப்பா 'ஆரம்பம்' என்று சொல்லித் தொடங்கி 'நிறுத்தவும்' என்று முடிப்பார். நிமிடத்துக்கு எண்பது சொல், ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொல், எதிரே ஸ்டாப் வாட்ச். ஒரு நொடி பிசகினாலும் அழித்துவிட்டு மறுபடி வாசிப்பார். கமாவைக்கூட விடாமல் சொல்லுவதால் பிள்ளைகள் அவருக்கு 'கமா சார்' என்று பேர் வைத்திருந்தார்கள், அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். டிக்டேஷன் என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைப்பது எனக்கும் பழக்கம், அப்படியே வைத்தேன். நிறுத்தவும் என்றபோது ஐந்து நிமிடம் இருபத்தைந்து நொடி. கடிகாரத்தில்தான் கோளாறு என்று நினைத்து சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அதே கணக்கு. சொற்களை எண்ணினேன், சரியாக நானூறு. மூன்றாவது தடவையும் இருபத்தைந்து நொடி கூடத்தான் வந்தது. அவர் அப்படித் தப்புச் செய்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. இதை அக்காவிடம் சொல்லாதே, அடுப்பையும் எடுத்துப் போய்விடுவாள்.

தப்பை ஒப்புக்கொள்ளும்போது கூடவே காரணத்தைச் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லித்தந்தார். ஆகவே காரணம் சொல்லவில்லை. நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. பெல்ட் வருஷக்கணக்காகத் தளர்ந்து வந்திருக்கிறது, குரலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டிருக்கிறது, நானும் அதற்கேற்றாற்போல என் ஞாபகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன். நீ கேட்டது டெக்கின் களைப்பு.

மறுபடியும் மூன்று மாடி இறங்கிப் போய், அந்த மனிதரிடம் நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவர் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. 'காது பழகிடுது மேடம், எல்லாருக்கும் அப்படித்தான்' என்று சொல்லி, மேலே வந்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடியே இரண்டு பக்கமும் சரி செய்து கொடுத்தார். ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி இல்லை. 'தாங்கள் அனுப்பிய இருபது நாற்காலிகளில் மூன்று ஆடுகின்றன' என்று டிக்டேஷன் கடிதத்தில் வருகிற இடத்தில் அப்பா சிரிப்பை அடக்குவது கேட்கிறது. மெதுவாக ஓடியபோது அதை நான் இருமல் என்று நினைத்திருந்தேன். மற்ற நாட்களில் அவர் களைத்ததே இல்லை என்று சொல்லமாட்டேன், பொய்யாகிவிடும். நோய் வந்தது நீ போய் நாலு வருஷம் கழித்து. அந்தக் கேசட்டில் பேசுகிறவர் திடமாக, குறும்பாக, சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார். அந்த மனிதரைத்தான் நீ விட்டுவிட்டுப் போனாய்.

பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டேன், கைதவறி அதன்மேல் எதையும் பதிவு செய்ய முடியாது. ஆனாலும் நீ அவசரக்காரி, இடது பக்கத்திலேயே போடு, பதிவுப் பொத்தான் வலது பக்கத்துக்குத்தான். அதற்கு முன் உன் டெக்கைச் சுத்தம் செய்ய வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி வை. மூடியைத் திறக்காதே, கேசட் போடுகிற கதவு வழியாகவே எல்லாம் எட்டும். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டை ஒற்றி, டேப் உரசிப் போகும் உலோக முகத்தைப் பழுப்பு வருவது நிற்கும்வரை துடை. பக்கத்தில் இருக்கும் ரப்பர் உருளைக்கு ஈரத் துணி போதும், ஸ்பிரிட் பட்டால் காய்ந்து வெடித்துவிடும். இரும்புச் சாமான் எதையும் உள்ளே நீட்டாதே. முழுக்கக் காய்ந்தபிறகே பிளக்கைச் செருகு. முதலில் போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார், டேப்பைக் கடிக்கவில்லை என்று உறுதியான பிறகு அப்பாவைப் போடு. ஓடும்போது கதவைத் திறக்காதே. டேப் தொய்ந்திருந்தால் கேசட்டின் ஓட்டையில் பென்சிலை நுழைத்துச் சுற்றிக்கொள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். உன்னுடையதும் பழைய டெக், பெல்ட் தளர்ந்துதான் இருக்கும். குரலைக் கேட்டதும் எதையும் முடிவு செய்துவிடாதே, அழவும் வேண்டாம். கடிகாரத்தை எதிரே வைத்து ஆரம்பம் முதல் நிறுத்தவும் வரை அளந்து பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி போனாலும் அங்கே ஒருவரைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகு கேள், உன் பெண்ணும் அப்போது கேட்டால் போதும். அவள் தாத்தாவை அவருடைய வேகத்திலேயே கேட்கட்டும்.

எனக்குக் கை வலிக்கிறது, இதோடு நிறுத்துகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கழுத்துவலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா இல்லையா, தள்ளிப்போடாதே. கேசட்டைக் கேட்டதும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தபாலில் பதில் போடு.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா