கறுப்புக் கண்ணாடி போட்டு வாங்கிய மாத்திரை

திண்டிவனம், 1981

காணையில் இருக்கும் அம்மா சமூகத்துக்கு மகன் பாண்டுரங்கன் பணிவோடு அறிவிப்பது: எனக்கு மீசை முளைத்துவிட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிறது. நீயும் அப்பாவும் சுகமா?

இங்கே ஊரெல்லாம் கண்வலி. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, என்னைப் போல டி.பி. மாத்திரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, நான் விடுவேனா? லாரி ஷெட்டில் என்னோடு வேலை செய்யும் அடைக்கலராஜின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனேன். எனக்கும் கண்வலி என்று நினைத்து வரிசையே ஒதுங்கி வழிவிட்டது. நர்ஸ் அருள்ராணி அக்கா மட்டும், "இன்னாடா, மந்திரி மாதிரி வந்துக்கினு இருக்கே?" என்று கேட்டு மாத்திரையைக் கொடுத்தார்.

பசி பிய்க்கிறது. வறுத்த மல்லாட்டை அனுப்பு, கடலையை உரித்துத் தின்றால் பசி அடங்கும். உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டும் கிழித்து வை. இங்கே துணியெல்லாம் முரடு.

துணி எதற்கு என்று கேட்பாய். அடைக்கலராஜ் அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்ததே கண்வலிக்குத்தானாம். நேற்றுதான் சொல்கிறான். இப்போது என் கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவன்தான். கையெழுத்து அழகாக இருக்கும்போதே சந்தேகப்பட்டிருப்பாய். மாத்திரையை மட்டும் விடவில்லை அம்மா. கண் திறக்காவிட்டாலும் வாய் திறக்கிறதே.

உன் மகன்,
பாண்டுரங்கன்