ஆடு கட்டியிருந்த வீடு

ஜனவரி 6, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பல்வலி. கிராம்பு எண்ணெய் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வெள்ளத்தில் சேதமான வீடுகளின் மதிப்பீடு இன்னும் பதினொன்று மிச்சம். வெள்ளிக்குள் முடிக்கட்டாம். ஐயாவுக்கென்ன, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கையெழுத்து வைக்கிற மதிப்பீட்டாளர். மோட்டார் சைக்கிள் ரயர் தேய ஓடுவதும் அளப்பதும் தட்டச்சு அடிப்பதும் நான்.

இன்று ஜெயபுரம், செல்வமணி என்பவரின் வீடு. அக்கராயன் தாண்டிப் போக, மதகு உடைந்து தெருவுக்கு மேலால் தண்ணீர். கரையில் நின்ற ஒருவர்: "உங்கால போகேலாது தம்பி. நேற்று ஒரு ரக்ரரே சேத்துக்க இறுகிப் போச்சு." திரும்பினேன்.

பின்னேரம் கந்தோரில் பழைய கோப்பு. வீட்டுத்திட்ட வீடுகள்தானே. ஒரே வரைபடம், ஒரே அளவு. ஏழு வருடத்துக்கு முந்தைய அறிக்கை ஒன்றில் பெயர், திகதி மட்டும் மாற்றம். 'சுவர்: ஈரம் மட்டும், வெடிப்பு இல்லை. குடியிருக்க ஏற்றது.' படம், வழக்கமாக ஒட்டுவது, உருத்திரபுரத்தில் எடுத்தது. யார் பார்க்கப் போகிறார்கள்.

இந்த மாதம் இப்படி ஆறு.

ஜனவரி 9, வெள்ளி

ஐயா வந்தார். அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றுக்கும் கையெழுத்து. ஒன்றையும் புரட்டவில்லை. இரண்டு வடை, ஒரு பிளேன்ரீ, போய்விட்டார்.

அறிக்கைகள் மாவட்டச் செயலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அப்பாடா.

ஜனவரி 12, திங்கள்

வெயில் கொஞ்சம். காலை கந்தோர் திறக்க முதலே வாசலில் ஒரு அம்மா. செல்வமணி. முதல் பஸ்ஸில் வந்தாராம். சின்னப் பிள்ளையாக மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர், பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பக்கம். சொப்பிங் பைக்குள் எங்கள் அறிக்கையின் பிரதி. செயலகத்தில் அதைக் காட்டித்தான் நட்டஈட்டு விண்ணப்பத்தை மறுத்தார்களாம்.

"தம்பி, இது எங்க வீடு இல்லைங்க. எங்க வீட்ல ஆடே கிடையாது."

பார்த்தேன். படத்து வாசலில் ஆடு, கட்டியபடி. ஏழு வருடமாக ஒட்டுகிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

அவருடைய வீட்டில் பின்னறைச் சுவர் வெடித்து, கை போகிற அளவு இடைவெளியாம். கணவருக்குப் பாரிசவாதம். படுக்கை அந்தச் சுவரோடு. முன்னறைக்கு மாற்றலாமே என்றேன்.

"முன்னால கூரையே பறந்திருச்சு. மழ அப்படியே உள்ள ஊத்துது. வீடு ஆபத்துன்னு நீங்க எழுதிக் குடுத்தா, கொட்டில் ஒண்ணு போட்டுத் தர்றாங்களாம். அவர அங்க கொண்டுபோய்ப் போட்டுருவேன்."

"பிழை நடந்துபோச்சு அம்மா. நாளைக்கே வாறன்."

"கட்டாயம் வாங்க தம்பி." என் கைப்பேசி இலக்கத்தை அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.

ஐயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "விசர்க்கதை கதைக்காதையும். ஒண்டைத் திருத்தினால் மிச்சத்தையும் கிண்டுவினம். பொங்கல் முடியட்டும், பாப்பம்."

ஜனவரி 13, செவ்வாய்

போகவில்லை.

பல் பிடுங்கினேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். மதகடியில் தண்ணீர் வற்றியிருக்கும் என்று தெரியும். பயம், வேறொன்றுமில்லை. ஐயா வேலையை விட்டுப் போ என்றால் நாற்பத்தெட்டு வயதில் எனக்கு யார் வேலை தருவார்?

ஜனவரி 15, பொங்கல்

பால் பொங்கும் நேரம் பார்த்து மழை. அடுப்புக்கு மேல் குடை பிடித்தேன். மனைவி: "ஏனப்பா முகம் இப்பிடிக் கிடக்கு?" பல் பிடுங்கின இடம் என்றேன்.

ஜெயபுரத்து அம்மாவின் அழைப்பு இரண்டு தரம். எடுக்கவில்லை. பொங்கல் அன்று என்ன சொல்வது? நாளை போகலாம்.

நேற்றும் இதையேதான் சொன்னேன்.

ஜனவரி 17, சனி

காலை ஏழு மணி. அதே இலக்கம். இம்முறை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "சுவர் விழுந்திட்டுது. அந்த அம்மான்ர மனுசன் செத்துப்போனார். உங்கட நம்பர்தான் தாளில கிடந்தது."

போனேன். மதகடியில் தண்ணீர் கரண்டைக்கால் அளவு. நாலு நாளும் போயிருக்கலாம். பாவி நான்.

கட்டிலின் ஒரு கால் மட்டும் கற்களுக்கு வெளியே தெரிந்தது. உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மா முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில். அழவில்லை. என்னைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா தம்பி."

நின்றேன். தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"படம் எடுத்துக்கங்க. இதுதான் எங்க வீடு."

எடுத்தேன். இரண்டு படம் கலங்கிப் போயிற்று. மூன்றாவது சரி.

ஜனவரி 18, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. நித்திரை இல்லை.

செய்தி கேட்டு ஐயா போன் எடுத்தார். "சுவர் பிறகுதானே விழுந்தது. நாங்கள் பாக்கேக்க நல்லாத்தான் இருந்தது எண்டு ஒரு கடிதம் அடியும். நாளைக்கு வந்து சைன் வைக்கிறன்."

நாங்கள் பாக்கேக்க. யார் பார்த்தது? ஆடுதான் பார்த்தது.

கந்தோரைத் திறந்து கடிதம் அடித்தேன். 'ஜனவரி 6 அன்று நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. படத்தில் உள்ளது வேறொருவரின் வீடு. சுவரைப் பற்றி எழுதியது பொய்.' கீழே என் பெயர். ஐயாவின் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. நாளை விடிய நானே செயலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்ன வந்தாலும் வரட்டும்.

மற்ற ஐந்து கோப்புகளையும் எடுத்தேன். விண்ணப்பங்களை இன்றுதான் வாசிக்கிறேன், வெட்கக்கேடு.

உருத்திரபுரம் இரண்டு.
அக்கராயன் ஒன்று.
பூநகரி ஒன்று.
பளை ஒன்று. 'பின்னறைச் சுவர் சரிந்து நிற்கிறது. கைக்குழந்தை அங்கே படுக்கிறது.' பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.

தொலைபேசி இலக்கம் இல்லை. இரவு மணி பத்தரை. பெற்றோல் பாதித் தாங்கி இருக்கிறது, பளைக்குப் போதும். போகிறேன்