மீரிமின் வலக்கண்

அன்பிற்கும் பெருமைக்கும் உரிய மூத்த மகன் சமர்பெக்கிற்கு, உன் தாய் நம் ஊர் நாரினிலிருந்து எழுதுவது. இங்கே நாங்களும் நம் மந்தையும் நலம். கொரியாவில் உன் உடலும் உறக்கமும் குறைவின்றி இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

உன் தங்கையின் கண்ணைப் பற்றி அரைகுறையாகக் கேட்டுக் கலங்கியிருப்பாய், ஆகவே முறைப்படி அறிவிக்கிறேன். வசந்த விழாவில் பெண் ஆணைத் துரத்திச் சவுக்கால் அடிக்கும் குதிரைப் பந்தயத்தில் மீரிம் நம் ஊர்ப் பையன் ஒமுர்பெக்கை எட்டிப் பிடித்துச் சவுக்கை வீச, அவன் தடுக்க உயர்த்திய சவுக்கின் கட்டைப்பிடி அவள் வலக்கண்ணில் மோதியது. வீக்கம் வடிந்ததும் நாங்கள் மறந்தோம், அவளும் வாய் திறக்கவில்லை. கோடையில் அவன் தாய் சூயுன் நலம் விசாரிக்க வந்தபோது, மீரிம் தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு தளும்ப நிரப்பி நீட்டிவிட்டாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொன்னதற்கு அது சமமல்லவா! “நான் வந்தது புடிக்கலன்னா வாயால சொல்லலாமே மகளே” என்று சூயுன் எழுந்துவிட்டாள். நான் கடிந்துகொண்ட பிறகுதான், “வேணும்னு ஊத்தலம்மா, எவ்வளவு ரொம்புச்சுன்னே தெரியல, அந்தக் கண்ணுல ஒரே பனியா இருக்கு, சொன்னா குதிரை ஏற விடமாட்டீங்க” என்று அழுதாள். கோபித்த சூயுனே மறுநாள் எங்களைத் தன் வண்டியில் பிஷ்கெக் நகரக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள்.

அடிபட்டதில் கண்ணின் வில்லை கலங்கிப் புரை விழுந்துவிட்டது, அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்க வேண்டும், அடிபட்ட கண் என்பதால் பார்வை முழுதாகத் திரும்புமென்று உறுதி சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். உன் சித்தப்பாவோ, “புரை கிழவிங்களுக்கு வர்றது, கல்யாணம் ஆகாத பொண்ணு கண்ணுல கத்தியா?” என்று தொலைபேசியில் குதித்தார். மீரிம் என்னிடமிருந்து அதை வாங்கி, “சித்தப்பா, குதிரைக்கு லாடம் அடிக்கவே நீங்க தெரிஞ்ச ஆளத்தான கூப்புடுறீங்க, இதுக்கும் தெரிஞ்ச ஆளக் கூப்புட்டாச்சு, வைங்க” என்றாள். அறுவைச் சிகிச்சைக்கான சம்மதக் கையெழுத்தையும் தானே இட்டாள்.

அறுவை முடிந்து கண்கட்டை அவிழ்த்த காலையில் ஒமுர்பெக் குற்றவாளியைப்போல் நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் நின்றான். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தவள், “டேய், சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்க, கழட்டிப் போடு” என்று கத்தினாள். சூயுனும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். மகனே, இத்தகைய பெண்ணைப் பெற்றவள் என்று எவர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்பேன்.

இனி அவளுக்கு அருகில் படிக்கக் கண்ணாடி வேண்டும், ஆண்டுதோறும் கண்ணின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், குதிரையேற்றம் மருத்துவர் அனுமதித்த பிறகே. நீயும் பட்டறையில் காப்புக்கண்ணாடி இன்றி நிற்காதே. கண்ணில் அடிபட்டால் வலி போய்விட்டதென்று இருந்துவிடாமல் அன்றே காட்டு. உன் பாதை வெளிச்சமாகவும் உன் உணவு நிறைவாகவும் அமைக.

இருவரையும் பெற்ற பெருமையுடன்,
உன் தாய் ஜிபார்குல்