சலவைத்தூள் யுகம்

ஜூன் 4
குகையில் இன்று இளஞ்சிவப்பாக ஒரு நார் கிடைத்தது. ஆளிச் செடியின் நார், சாயம் ஏற்றியது. கிடைத்த மண்ணடுக்குக்கு வயது முப்பதாயிரம் ஆண்டு. எங்கள் அகழாய்வுக் குழுவின் பேராசிரியர் நுண்ணோக்கியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். மாலைக்குள் எங்கள் கொர்னிசி ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஊர்த்தலைவர் தெங்கிஸ் மாமா தெருவில் நின்று முழங்கினார்: "மனுஷனுக்கு மொதல்ல கால்சட்டை மாட்டிவிட்டதே நம்ம மேற்குச் சீமை இமெரெத்தி ஆளுங்கதான்! அந்தக் கிழக்குச் சீமைக் காகெத்திக்காரனுங்க அப்போ அம்மணமா நின்னு திராட்சை மிதிச்சுக்கிட்டிருந்தானுங்க!"

ஒரு நாரிலிருந்து கால்சட்டைக்கு வந்து சேர அவருக்கு அரை நாள் போதும். எங்கள் துறையில் ஆயுசு பத்தாது.

ஜூன் 11
புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தேன். நார் நீலமாக ஒளிர்கிறது. சலவைத்தூளில் துவைத்த துணிதான் அப்படி ஒளிரும். கற்காலத்தில் சலவைத்தூள் விற்றது யார்?

ஜூன் 12
ஆளி நாரில் நெய்த என் கழுத்துத் துண்டும் ஒளிர்கிறது. அதே இளஞ்சிவப்பு. ஐயோ.

ஜூன் 13
பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். துண்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அமைச்சர் வர்றார், லாமாரா. ரோடு போட்டுத் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கார். உன் துண்டைப் பாக்கவா வருவார்?"

ரோடு. அண்ணி நானுலிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை குத்தாயிசி நகர மருத்துவமனைக்கு ஓட வேண்டும். திரும்பி வரும்போது அந்தக் கல்லு வழியில் ஜீப் குலுங்கக் குலுங்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். அவகிட்ட நான் என்னத்தச் சொல்றது? உண்மைதான் முக்கியம், நீ குலுங்கிக்கிட்டே போன்னா?

ஜூலை 9
அமைச்சருக்கு விருந்து. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். எழுந்து நின்று, "அந்த நார் பழசு இல்ல, என் துண்டுலேர்ந்து விழுந்தது" என்று சொல்லியும் விட்டேன். ஆனால் எங்கள் விருந்தில் எழுந்து நின்று பேசினால் அது வாழ்த்துரை. வாழ்த்துரை என்றால் குடித்தாக வேண்டும். தெங்கிஸ் மாமாதான் பந்தித் தலைவர். கொம்புக் கோப்பையைத் தூக்கினார்.

"கேட்டீங்களா! முப்பதாயிரம் வருஷமா நம்ம பொண்ணுங்க ஒரே நெறத்தைத்தான் உடுத்துறாளுங்க! மாறாத நம்ம பொண்ணுங்களுக்காக!"

அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார். பேராசிரியர் இரண்டு முறை குடித்தார். நானும் குடித்தேன். குடிக்காமல் இருந்தால் அவமரியாதை.

ஆகஸ்ட் 20
ஊர் முகப்பில் அந்த நாரை நெய்த ஆதித்தாய்க்குச் சிலை. தோல் போர்த்திய மாதிரியைப் பார்த்த பாதிரியார், "முழங்கால் தெரியுது" என்றார். இப்போது கணுக்கால் வரை பாவாடை, தலைக்கு முக்காடு. போகிற போக்கைப் பார்த்தால், ஆதித்தாய் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் வந்தாள் என்று நான் எழுதித்தர வேண்டியிருக்கும்.

அக்டோபர் 2
ரோடு வேலை ஆரம்பம். தார் நாற்றம். அண்ணி ஜன்னலைத் திறந்துவைத்து மோந்துகொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 17
கீழடுக்கில் இன்னொரு நார். சாம்பல் நிறம். முறுக்கி, முடிச்சிட்டிருக்கிறது. விளக்கில் ஒளிரவில்லை. மறுபடி வைத்தேன் — ஒளிரவே இல்லை. இது நிஜம். யாரோ ஒருத்தி குளிருக்காகத் தன் விரலால் போட்ட முடிச்சு. அழுதுவிட்டேன்.

பேராசிரியரும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதை வெளியிட்டா, பக்கத்துல வச்சு விளக்குல ஒப்பிட அந்த இளஞ்சிவப்பு நாரையும் கேப்பாங்க. ரோடு பாதிதான் முடிஞ்சிருக்கு, லாமாரா."

நான் விளக்கை அணைத்தேன்.

ஏப்ரல் 5
அருங்காட்சியகம் திறந்தாயிற்று. இளஞ்சிவப்பு நாருக்குக் கண்ணாடிப் பேழையும் காவலாளியும். சாம்பல் நாரைத் தகர டப்பாவில் போட்டு, பின்னறை அலமாரியில் நானே வைத்தேன்.

சாயங்காலம் நானுலி புது ரோட்டில் குத்தாயிசியிலிருந்து திரும்பினாள். காரிலேயே தூங்கிப்போயிருந்தாள். அந்த வழியில் இதுவரை யாரும் தூங்கியதில்லை. தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"வீடா? அதுக்குள்ளயா?" என்றாள்.