அர்ச்சகர் கூட்டிச் சொன்ன அளவுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோகிலா எழுதுவது. நான் நலம். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாயா?

இங்கே கர்நாடகத்தில் வேலை முடியவில்லை. ஒரு சிலையின் முகத்தைப் போல உடல் எத்தனை மடங்கு என்று அளந்து, முந்நூறு சிலைகளுக்குச் சராசரி காண வேண்டும். பூஜையில் உள்ள சிலைகளை நான் தொடக்கூடாது என்பதால் அர்ச்சகரே டேப் பிடித்து அளவு சொன்னார். எழுதியதைப் பார்த்தால் ஒன்றில்கூட அரையோ காலோ இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"சாமிக்குப் போய் அரை இஞ்ச் கம்மின்னு எப்படிம்மா சொல்றது? எல்லாத்தையும் கூட்டித்தான் சொன்னேன்" என்றார். சிரித்துவிட்டேன். அவர் அளந்த நாற்பது சிலைகளையும் மறுபடி அளக்க வேண்டும்.

அதனால் அப்பாவின் வருஷத் திதிக்கு வரமுடியாது என்று தம்பியிடம் சொன்னேன். "செலைங்க ஆயிரம் வருஷமா அங்கயேதான நிக்குது, பத்து நாள்ல எழுந்து ஓடிருமாக்கா? நீ வா, நான் பொம்மிடி ஸ்டேஷனுக்கே வண்டியோட வந்து நிக்கறேன்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். விடுப்புக் கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை அம்மா. போனில் இதைச் சொல்ல வரவில்லை. அப்பா போனதிலிருந்து எனக்குள் ஒன்றுமே தோன்றுவதில்லை. அழுகிறவர்கள் நடுவே அப்படியே நிற்கப் பயமாக இருக்கிறது.

திதிக்கு மாட்டப்போகும் படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். சட்டத்துக்குப் பொருத்துவதற்காக ஸ்டுடியோவில் அப்பாவின் முகத்தை அகலமாக இழுத்திருக்கிறார்கள். வேறு பிரிண்ட் போடச் சொல். அவர் முகம் அவ்வளவு அகலமில்லை. அது எனக்கு அளக்காமலே தெரியும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

கோகிலா